சவரக்கத்தியைத் தீட்டுறதுக்கு முன்னாடி கல்லைத் தீட்டுங்க

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்னு ஒரு பழமொழி இருக்குல்ல, சவரக்கத்தி விஷயத்துல மட்டும் பல நேரம் நெஜமாவே கூடம்தான் கோணல். மூணு வாரமா ஜெர்மனில சோலிங்கன் ஊர்ல செஞ்ச ஒரு பழைய சவரக்கத்தியை வெச்சுக்கிட்டு டெய்லி நைட்டு தீட்டு தீட்டுன்னு தீட்டுறேன், காலைல கன்னத்துல வெச்சா முடியை வெட்டாம பிடிச்சு இழுக்குது, கண்ணுல தண்ணி வருது. முதல்ல கத்தி சரியில்லன்னு நெனச்சேன், அப்புறம் என் கை சரியில்லன்னு நெனச்சேன், வீடியோ பாத்துப் பாத்து ஸ்ட்ரோக்கை மாத்தினேன், ஒண்ணும் ஆகல. கடைசில ராயபுரத்துல ரொம்ப வருஷம் சலூன் வெச்சிருந்துட்டு இப்ப வீட்டோட இருக்குற ஒரு பெரியவர்கிட்ட கத்தியையும் கல்லையும் துணில சுத்தி எடுத்துட்டுப் போனேன். அவர் கத்தியைத் தொடவே இல்ல. கல்லைக் கண்ணு மட்டத்துக்குத் தூக்கி, ஜன்னல் பக்கம் திருப்பி, ஒரு கண்ணை மூடிட்டுப் பாத்தாரு. அப்புறம் பேரனோட ஜாமெட்ரி பாக்ஸ்லேர்ந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து கல்லு மேல குத்தா நிறுத்தினாரு, நடுவுல பிறை நிலா மாதிரி வெளிச்சம் தெரியுது. "இன்னா தம்பி, கல்லு வயிறு ஒட்டிப் போய் கெடக்குது, நீ கத்தியப் போய் திட்டிக்கினு கீற"ன்னாரு.

அன்னைக்குத்தான் விஷயம் புரிஞ்சுது. நடுவுல குழி விழுந்த கல்லுல கத்தியை வெச்சா கல்லோட ரெண்டு ஓரம் மட்டும்தான் கத்தியைத் தொடும், நடுப்பகுதி காத்துல நிக்கும். சமையல் கத்திக்கு இது பெருசா தெரியாது, ஏன்னா நம்ம கை அதை ஒரு கோணத்துல தூக்கிப் பிடிச்சு தீட்டுது, கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் வெங்காயம் வெட்டிரும். சவரக்கத்தி அப்படி இல்ல. அதோட முதுகும் வாயும் ஒரே நேரத்துல கல்லுல படுத்திருக்கணும், முதுகுதான் கோணத்தையே முடிவு பண்ணுது, அதுனால கல்லுல என்ன மேடு பள்ளம் இருக்கோ அது அப்படியே கத்தியோட வாயில வந்து உக்காந்துரும்.

இயற்கைக் கல்லுன்னா எதைச் சொல்றேன்னு முதல்ல சொல்லிடறேன். பெல்ஜியத்துல ஆர்டென் மலைப்பக்கம் வீல்சாம் ஊரைச் சுத்தி வெட்டி எடுக்குற மஞ்சள் கல்லு கோட்டிக்யூல், அதுக்குள்ள பொடிப்பொடியா கார்னெட்ங்கிற கெட்டியான கனிம மணி இருக்கும், மொத்தத்துல முப்பது நாப்பது சதவீதம் கார்னெட், ஒவ்வொண்ணும் ஏறக்குறைய 5லேர்ந்து 15 மைக்ரான், ஒரு மைக்ரான்னா ஒரு எம்எம்மை ஆயிரமா பங்கு போட்டதுல ஒரு பங்கு. அமெரிக்காவுல வாஷிட்டா மலைலேர்ந்து வர்றது ஆர்கன்சா கல்லு, கிட்டத்தட்ட முழுக்க முழுக்க சிலிக்கா, கண்ணாடி மாதிரி கெட்டி. ஜெர்மனி துரிங்கியா பக்கம் ஸ்லேட் வகைக் கல்லு ஒண்ணு இருந்துச்சு, சுரங்கத்தை மூடி ரொம்ப காலமாச்சு, பழசுதான் கைமாறிட்டு இருக்கு. ஜப்பான்ல கியோட்டோ பக்கத்து மலைங்கள்ல எடுத்த கல்லு இருக்கு, விலையைக் கேட்டா நெஞ்சு வலிக்கும். இதுல எது கைல கிடைச்சாலும் ஒண்ணை ஞாபகம் வெச்சுக்கோங்க, இயற்கைக் கல்லு புதுசா வாங்குனாக்கூட கத்திக்கு ரெடியா வராது, ரம்பம் போட்ட கோடு இருக்கும், ஓரம் கண்ணாடிச் சில்லு மாதிரி கூர்மையா இருக்கும், மட்டமும் ஒரு கண்துடைப்பு மட்டம்தான்.

வீட்டுல இருக்குற கல்லை வெச்சு ஓட்டலாமான்னு கேக்குறவங்களுக்கு: அம்மி வேண்டாம். நம்ம பல்லாவரம், பரங்கிமலைல கிடைக்குற கல்லுக்கு சார்னோக்கைட்னு பேரு, கல்கத்தாவுல ஜாப் சார்னாக்ங்கிற ஈஸ்ட் இந்தியா கம்பெனி ஆளோட சமாதி மேல இருந்த கல்லு இங்கேர்ந்து போனதுன்னு வெச்சு தாமஸ் ஹாலண்ட்னு ஒரு நிலவியல் ஆள் 1893ல அந்தப் பேரை வெச்சாரு, கேக்க பெருமையா இருக்கு, ஆனா அது பெரிய பெரிய மணியா ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு கெட்டியா இருக்குற கல்லு, மசாலா அரைக்கலாம், கத்தி வாயை வெச்சா பல்லு பல்லா பேத்துரும். கிச்சன் மேடைல போடுற கடப்பா கல்லு அதுக்கு நேர் எதிர், அது சுண்ணாம்புக்கல் ஜாதி, எஃகை விட சாஃப்ட், எவ்வளவு தேய்ச்சாலும் கல்லுதான் கரையும். மார்க்காபூர் ஸ்லேட்டை, அதான் சின்ன வயசுல நாம எழுதின பலகைக் கல்லை, நான் ஒரு தடவை ட்ரை பண்ணேன், என் கைல இருந்த துண்டு தண்ணி பட்டதும் இலை இலையா உரிஞ்சு வந்துச்சு, விட்டுட்டேன்.

பழைய கல்லு எங்க கிடைக்கும்னா பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைதான். ஒரு காலத்துல ஒவ்வொரு சலூன்லயும் ஒரு கத்தி, ஒரு கல்லு, சுவத்துல தொங்குற ஒரு தோல்வார் இருக்கும். 1986ல இந்தியாவோட முதல் எச்ஐவி கேஸ்களை டாக்டர் சுனிதி சாலமன் டீம் நம்ம சென்னைலதான் கண்டுபிடிச்சாங்க, அதுக்கப்புறம் வந்த விழிப்புணர்வுல சலூன்லாம் பாதி பிளேடை மாட்டி தூக்கிப் போடுற கத்திக்கு மாறிடுச்சு, நல்லதுதான், ஆனா கல்லுக்கு வேலை போயிடுச்சு. அந்தக் கல்லுங்கதான் இப்ப சந்தைல பழைய பூட்டு, பித்தளை குத்துவிளக்குக்கு நடுவுல எண்ணெய்ப் பிசுக்கோட கருப்பா கெடக்கும். பாதிக்கு மேல மெஷின்ல செஞ்ச கார்பரண்டம் கல்லாத்தான் இருக்கும், அதை ஓரத்துல பாத்தா சர்க்கரை மாதிரி மணி மணியா ஒரே சீரா இருக்கும், இயற்கைக் கல்லுல நரம்பு, கலர் மாத்தம், அடுக்கு ஏதாவது தெரியும். கூடவே பழைய கத்தி வாங்குனா முகத்துல வெக்கிறதுக்கு முன்னாடி சோப்பு போட்டுக் கழுவி ஸ்பிரிட்ல ஊறவெச்சு எடுங்க, இதுல விளையாட்டு வேண்டாம்.

இனிமே வேலை. தேவையானது ரொம்ப கம்மி. 10 எம்எம் தடிமன்ல ஒரு அடிக்கு ஒரு அடி கண்ணாடித் துண்டு, கண்ணாடிக் கடைல கழிவுத் துண்டு கேட்டா கம்மியா குடுப்பாங்க, ஓரத்தை மட்டும் பாலிஷ் போட்டுத் தரச் சொல்லுங்க, இல்லன்னா கை கிழியும். கண்ணாடி கிடைக்கலன்னா பாலிஷ் பண்ண கிரானைட் துண்டு, ஆனா ஸ்கேல் வெச்சு பாத்துட்டு வாங்குங்க. அப்புறம் வாட்டர் பேப்பர். ஹார்டுவேர் கடைல உப்புத்தாள்னு கேட்டா மரத்துக்குத் தேய்க்கிறதைக் குடுத்துருவாங்க, அது தண்ணில கரைஞ்சு போயிரும், புதுப்பேட்டை மாதிரி வண்டி பெயிண்ட் ஐட்டம் விக்கிற எடத்துல வாட்டர் பேப்பர்னு கேளுங்க, கருப்பா இருக்கும், 220, 400, 600, 1000 நம்பர் வேணும். சுமாரா 220ங்கிறது 68 மைக்ரான் மணி, 400 வந்து 35, 600 வந்து 26, 1000 வந்து 18, இது பின்பக்கம் நம்பருக்கு முன்னாடி பி போட்டிருக்குற பேப்பர் கணக்கு. ஒரு 2பி பென்சில், ஒரு ஸ்டீல் ஸ்கேல், ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட், ஒரு பக்கெட். அவ்வளவுதான்.

பழைய கல்லா இருந்தா முதல்ல அழுக்கு எடுக்கணும், இல்லன்னா பேப்பர் அஞ்சு நிமிஷத்துல எண்ணெய் அடைச்சு வழுக்க ஆரம்பிச்சிரும். மண்ணெண்ணெய் இப்ப கிடைக்கிறதே பெரும்பாடு, கிடைச்சா அதுல ஒரு நாள் ஊறவெச்சு பழைய டூத்பிரஷ்ல தேய்ங்க, இல்லன்னா வாஷிங் சோடா கலந்த தண்ணில பாத்திர லிக்விட் ஊத்தி ரெண்டு மூணு நாள், தண்ணி கருக்கக் கருக்க மாத்துங்க. கொதிக்க வெக்காதீங்க, அடுப்பு மேல வெச்சு எண்ணெயை உருக்குறேன்னு கிளம்பாதீங்க, கல்லுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தா படக்குனு ரெண்டா போயிரும். சுத்தமாயிடுச்சான்னு பாக்க ஒரு சொட்டு தண்ணி விடுங்க, முத்து மாதிரி உருண்டு நின்னா எண்ணெய் இன்னும் இருக்கு, பரவி நனைச்சா போதும். இந்த ஊறல் வைத்தியம்லாம் ஆர்கன்சா மாதிரி ஒரே கட்டியா இருக்குற கல்லுக்குத்தான். கோட்டிக்யூல் பெரும்பாலும் பின்னாடி ஸ்லேட் துண்டோட ஒட்டி வரும், பசை விட்டுரும், ஜப்பான் கல்லு அடுக்கு அடுக்கா இருக்கும், ஊறினா பிளக்கும், இது ரெண்டுக்கும் மேலாப்புல சோப்புத் தண்ணி மட்டும்.

இப்ப மட்டம் பண்றது, இங்கதான் பொறுமை வேணும், இங்கதான் நான் ரெண்டு தடவை சொதப்பினேன். முதல் சொதப்பல், மொட்டை மாடி சிமெண்ட் தரைல தண்ணி ஊத்தி தேய்ச்சேன், தரை மட்டமாத்தானே இருக்குன்னு. தரை மட்டமே இல்ல, கல்லு நாலு ஓரமும் இறங்கி நடுவுல தொப்பை போட்டுருச்சு. ரெண்டாவது சொதப்பல் கண்ணாடி வாங்குனதுக்கு அப்புறம். பேப்பரை சும்மா கண்ணாடி மேல போட்டு கல்லைத் தள்ளினா, கல்லுக்கு முன்னாடி பேப்பர் லேசா அலை மாதிரி எழும்பும், கல்லு அந்த அலை மேல ஏறி இறங்கும், நூறு தடவை ஏறி இறங்குனா முன் ஓரமும் பின் ஓரமும் வழிஞ்சு போய் குளிச்சு முடிச்ச சோப்பு மாதிரி ஆயிரும். அதுனால பேப்பரை பத்து நிமிஷம் தண்ணில ஊறப் போட்டு சுருளெல்லாம் போனதும் கண்ணாடியை நனைச்சு மேல ஒட்டி, ஸ்கேல் ஓரத்தால ஒரு பக்கத்துலேர்ந்து இழுத்து அடியில இருக்குற காத்தையும் அதிகத் தண்ணியையும் வெளிய தள்ளிருங்க. பேப்பர் கண்ணாடியோட கவ்விப் பிடிச்சு நிக்கணும். நாலு மூலைக்கும் கிளிப் போட்டா இன்னும் நல்லது.

கல்லு மேல பென்சில்ல கட்டம் கட்டமா கோடு போடுங்க, கோலத்துக்கு புள்ளி வெக்கிற மாதிரி நெருக்கமா, ஓரம் வரைக்கும். பென்சில் கோடு தண்ணிக்குப் போகாது, தேய்ஞ்சாத்தான் போகும், அதான் அதோட அருமை. கல்லு கருப்பு கலரா இருந்தா வெள்ளைக் கலர் பென்சில் எடுத்துக்கோங்க. 220 பேப்பர் மேல ஒரு சொட்டு லிக்விட், கொஞ்சம் தண்ணி, கல்லைக் கவுத்து வெச்சு ரெண்டு கையையும் கல்லோட நடுவுல பரப்பி வெச்சு தள்ளுங்க. அமுக்கக் கூடாது. தள்ளுறப்ப நம்ம கை தன்னையறியாம முன் ஓரத்தை அமுக்கும், அதுனாலதான் இருபது தேய்ப்புக்கு ஒரு தடவை கல்லைத் தலைகீழா திருப்பணும், முன்பக்கம் பின்பக்கமா வர்ற மாதிரி. நேரா கொஞ்சம், குறுக்கா கொஞ்சம், எட்டு போடுற மாதிரி கொஞ்சம், ஒரே வழில போனா அந்த வழிக்கு ஒரு பள்ளம் விழும்.

அப்பப்ப கழுவிட்டுப் பாருங்க. கோடு எங்க அழிஞ்சிருக்கோ அது மேடு, எங்க அப்படியே நிக்குதோ அது பள்ளம். என் கல்லுல நடுவுல ஒரு முட்டை அளவு பென்சில் கோடு கடைசி வரைக்கும் சிரிச்சிட்டு நின்னுச்சு, ஒரு மணி நேரம், ரெண்டு ஷீட் பேப்பர், கை ரெண்டும் கழண்டு போச்சு, ஆனா அந்த முட்டை சுருங்கி சுருங்கி புளியங்கொட்டையாகி காணாமப் போனப்ப வந்த சந்தோஷம் இருக்கே. ஆனா அங்க நிறுத்தாதீங்க, முக்கியமான டெஸ்ட் இனிமேதான். மறுபடி கட்டம் போட்டு, அமுக்காம அஞ்சே அஞ்சு தடவை தேய்ங்க. கட்டம் மொத்தமும் ஒரே சீரா மங்கணும். ஒரு மூலைல பளிச்சுனும் ஒரு மூலைல காணாமலும் இருந்தா இன்னும் வேலை பாக்கி. கடைசியா ஸ்கேலை நீளமா, குறுக்கா, ரெண்டு மூலைவாக்குலயும் குத்தா நிறுத்தி பின்னாடி டியூப்லைட் வெளிச்சத்துல பாருங்க, வெளிச்சக் கீத்து எங்கயும் தெரியக் கூடாது. கீழ்ப்பக்கம் மட்டமா இருக்கணும்னு அவசியமில்ல, ஆட்டம் காணாம உக்காந்தா போதும், ஈரத்துணி மடிச்சு அடியில போட்டுக்கலாம்.

எப்பவும் ஈரமாவே தேய்க்கணும், இதுல மாத்துக் கருத்தே இல்ல. இந்தக் கல்லுங்கள்ல சிலிக்கா இருக்கு, காஞ்சு போய் தூசியா பறந்தா நுரையீரலுக்குப் போகும், கல்லுடைக்கிற தொழிலாளிங்களை சாகடிக்கிற சிலிகோசிஸ் வியாதி அந்தத் தூசியாலதான். தரைல சிந்துன சேறு காயறதுக்குள்ள துடைச்சிருங்க, காஞ்சதைப் பெருக்காதீங்க.

ஆர்கன்சா மாதிரி கெட்டிக் கல்லா இருந்தா வாட்டர் பேப்பர் பத்தவே பத்தாது, பேப்பர்தான் தேயும், கல்லு சிரிக்கும். அதுக்கு சிலிகான் கார்பைடு பவுடர் வேணும், கடைல கார்பரண்டம் பவுடர்னு கேட்டாத்தான் புரியும். 1891ல அமெரிக்காவுல எட்வர்ட் அச்சிசன்ங்கிறவர் வேற எதையோ செய்யப் போய் கிடைச்ச பொருள் அது, அதோட பேரை வெச்சு 1954ல ஆரம்பிச்ச கார்பரண்டம் யுனிவர்சல் நம்ம சென்னை கம்பெனிதான், அதுனால இந்த ஊர்ல கார்பரண்டம்னா லேத் பட்டறைல டீ வாங்கிக் குடுக்குற பையனுக்குக்கூட தெரியும். பவுடரை தண்ணில குழைச்சு ஒரு பழைய தரை டைல்ஸ் மேல போட்டு கல்லைத் தேய்க்கணும், கருக் கருன்னு காதைப் பிளக்கும், மத்தியானம் பக்கத்து வீட்டுல குழந்தை தூங்குற நேரத்துல வேண்டாம். ஒரு விஷயம், பவுடர் கல்லை மட்டும் தின்னாது, அடியில இருக்குற டைல்ஸையும் தின்னும். டைல்ஸ் நடுவுல குழியாகும், அந்தக் குழிக்குத் தகுந்த மாதிரி கல்லு வயிறு புடைக்கும், நாம மட்டம் பண்றதா நெனச்சு தொப்பை செஞ்சிட்டு இருப்போம். அதுனால டைல்ஸோட எல்லா எடத்துலயும் சுத்தித் தேய்ங்க, பாதில டைல்ஸை மாத்துங்க, நல்ல கண்ணாடியை இதுக்கு பலி குடுக்காதீங்க. வைரத் தகடு வெச்சிருக்கவங்க அதை ஆர்கன்சா மேல போட்டுறாதீங்க, தகடுல இருக்குற வைரம் சீக்கிரம் உதிர்ந்து மொட்டையாயிரும், கோட்டிக்யூலுக்கும் ஜப்பான் கல்லுக்கும் வைரத் தகடு பிரமாதம்.

மட்டம் ஆனதும் ஓரம். இதைப் பாதிப் பேர் விட்டுடறாங்க. கல்லோட நாலு மேல் விளிம்பையும் 400 பேப்பர் மேல சாய்ச்சுப் பிடிச்சு, ஒரு எம்எம், ஒன்றரை எம்எம் அளவுக்கு மழிச்சு விடுங்க, நகத்தை ஓட்டுனா தடங்கல் இல்லாம வழுக்கணும். சவரக்கத்தி பொதுவா கல்லோட அகலத்தை விட நீளம், ஒவ்வொரு ஸ்ட்ரோக்லயும் கத்தி வாய் அந்த ஓரத்தைத் தாண்டித்தான் போகும், ஓரம் கூர்மையா இருந்தா அரை மணி நேர வேலையை ஒரு இழுப்புல கெடுத்துரும், அதுவும் இல்லாம கூர் ஓரத்துலேர்ந்து கல்லுப் பொடி பேந்து வந்து கத்திக்கு அடியில மாட்டும்.

அடுத்தது மேல்தோல், என்னைக் கேட்டா இதுதான் கலை. உங்க பாட்டி காலத்துல தெருவுல "அம்மி கொத்தலையோ அம்மி"ன்னு ஒருத்தர் உளி, சுத்தியலோட போவாரு, கேட்டிருப்பீங்க. அம்மி மட்டமாத்தான் இருக்கும், ஆனா வழவழன்னு ஆயிட்டா மிளகாய் அரையாது, வழுக்கும், அதுக்குத்தான் கொத்துறது. கெட்டிக் கல்லு அப்படியே அம்மி கதைதான். ஆர்கன்சா கல்லுக்கு 220ஓட நிறுத்துனா அது வேகமா வெட்டும், ஆனா கத்தி வாய் கரடா இருக்கும், அதையே 400, 600, 1000ன்னு ஏத்திட்டு போய், கடைசில ஒரு பழைய உளியோ தேய்ஞ்ச அரிவாமணைத் தகடோ எடுத்து பத்து நிமிஷம் மேல எண்ணெய் விட்டுத் தேய்ச்சு மினுமினுப்பா ஆக்கிட்டா அதே கல்லு ரொம்ப நைசா வேலை செய்யும், மெதுவா. ஒரே கல்லு, மேல்தோலை வெச்சு ரெண்டு கல்லு மாதிரி. நான் ஒரு பக்கத்தை 400ல விட்டிருக்கேன், மறுபக்கத்தை கண்ணாடியாக்கி வெச்சிருக்கேன், பக்கவாட்டுல பெயிண்ட்ல ஒரு புள்ளி வெச்சு அடையாளம். கோட்டிக்யூல், ஜப்பான் கல்லுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம், அதுங்க தேய்க்கத் தேய்க்க பால் விடுற ஜாதி, அதாவது கல்லு பொடியாகி தண்ணியோட கலந்து பால் மாதிரி வரும், மேல்தோல் தானா புதுசாயிட்டே இருக்கும், 600 போட்டு 1000ல முடிச்சா தாராளம், முன்னாடி பேப்பர் போட்ட ஆழமான கோடு மட்டும் எங்கயும் மிச்சம் இருக்கக் கூடாது. ஒவ்வொரு நம்பர் மாறுறப்பவும் கல்லு, கண்ணாடி, கை எல்லாத்தையும் கழுவுங்க, ஒரு 220 மணி ஒட்டிட்டு வந்தாக்கூட 1000ல ரயில் தண்டவாளம் போட்டுரும்.

முடிச்சதும் கல்லைக் காய வெச்சு, கண்ணை மூடிட்டு விரல் நகத்தை மெதுவா எல்லா எடத்துலயும் ஓட்டுங்க. இயற்கைக் கல்லுல சில சமயம் வேற கனிமத்தோட கெட்டி மணியோ கோடோ இருக்கும், நகம் டிக்குனு தட்டும். பாக்க அழகா இருக்குற எல்லாக் கோடும் ஆபத்தில்ல, நகத்துல தட்டுறதுதான் ஆபத்து. தட்டுச்சுன்னா ஒரு ஊசி முனைல அந்த எடத்தை மட்டும் நோண்டி பள்ளமாக்கிருங்க, பள்ளம் கத்தியை ஒண்ணும் பண்ணாது, மேடுதான் பண்ணும்.

ஜப்பான் கல்லுக்கு மட்டும் இன்னொரு வேலை, பக்கவாட்டு நாலையும் அடியையும் அடைக்கணும். அங்க அரக்கு மாதிரி ஒரு லாக்கர் பூசுவாங்க, நமக்கு தங்கச்சியோட கலர் இல்லாத நெயில் பாலிஷ் போதும், மூணு கோட்டு, ஒவ்வொண்ணும் நல்லா காஞ்சதுக்கு அப்புறம். மேல் பக்கத்துல ஒரு துளி படக் கூடாது. தங்கச்சிக்கு புது பாட்டில் வாங்கிக் குடுத்துருங்க, சண்டைக்கு நான் பொறுப்பில்ல.

பால் எடுக்குறதுக்கு வெச்சிருக்குற குட்டிக் கல்லையும் மறக்காதீங்க. அதையும் இதே மாதிரி மட்டம் பண்ணி, அதோட எட்டு விளிம்பையும் மழிக்கணும். பெரிய கல்லுக்கு ராஜ உபசாரம் பண்ணிட்டு குட்டிக் கல்லை அப்படியே கூர் மூலையோட வெச்சு தேய்ச்சா, பண்ண மட்டத்துல அதுவே கோடு கிழிச்சிரும், நான் கிழிச்சேன்.

இப்ப கத்தியை வெச்சுப் பாக்கலாம். வாயில ஓட்டை உடைசல் உள்ள கத்தியை நேரா இதுல போடாதீங்க, அதை முதல்ல 1000 நம்பர் செயற்கைக் கல்லுல சரி பண்ணிட்டு வாங்க, நைஸ் கல்லு கடைசி மெருகுக்குத்தான். கோட்டிக்யூல்னா குட்டிக் கல்லால தேய்ச்சு தண்ணிப்பால் பதத்துக்கு கொண்டாங்க, முதுகும் வாயும் படுத்திருக்கணும், வாய் முன்னால போகணும், குதிகால்லேர்ந்து, அதான் கைப்பிடிப் பக்கத்து ஓரத்துலேர்ந்து, நுனிக்கு குறுக்கா இழுத்துட்டே போய், கடைசில முதுகு மேலயே புரட்டித் திருப்பணும், வாய் மேல புரட்டவே கூடாது. கத்தியோட கனம் போதும், கை கனம் வேண்டாம். இருபது ஸ்ட்ரோக்குக்கு ரெண்டு சொட்டு தண்ணி விட்டு பாலை மெல்ல மெல்ல நீத்துட்டே போங்க, கடைசி முப்பது ஸ்ட்ரோக் வெறும் தண்ணில. நம்ம போர் தண்ணி வேண்டாம், உப்புத் தண்ணி காஞ்சா கத்தில வெள்ளைத் திட்டு நிக்கும், கேன் தண்ணி ஒரு டம்ளர் போதும்.

கல்லு சரியா ரெடியாயிருக்கான்னு கத்தியே சொல்லிரும். கத்தி வாய் ஓரமா மார்க்கர் பேனால ஒரு கோடு போட்டு அஞ்சு ஸ்ட்ரோக் விடுங்க, வாட்ச் ரிப்பேர் பண்றவங்க கண்ணுல மாட்டுவாங்களே அந்த லென்ஸ்ல பாருங்க, மை குதிகால்லேர்ந்து நுனி வரைக்கும் ஒரே சீரா போயிருக்கணும். கத்தி நேரா இருந்தும் நடுவுல மட்டும் மை நின்னா கல்லு இன்னும் குழி, நடுவுல மட்டும் போயிருந்தா கல்லுக்குத் தொப்பை. சத்தத்தையும் கவனிங்க, மட்டமான கல்லுல கத்தி போறப்ப பட்டுப் புடவை மடிக்கிற மாதிரி ஒரே சீரான சத்தம் வரும், நடுவுல சரக்குன்னு ஒரு தட்டல் கேட்டா நிறுத்தி நகம் போட்டுப் பாருங்க. அப்புறம் தோல்வார்ல ஒரு அம்பது தடவை, இங்க முதுகு முன்னால போகணும், இல்லன்னா வாரு ரெண்டா போயிரும். முழங்கை முடில தோலைத் தொடாம லேசா மேலாப்புல ஓட்டினா முடி டிக் டிக்னு துள்ளணும்.

என் கல்லை மட்டம் பண்ணி எடுத்துட்டு ராயபுரத்துக்கு மறுபடி போனேன். பெரியவர் ஸ்கேலைத் தேடல, கல்லு மேல எச்சி தொட்ட கட்டை விரலை நீளமா ஒரு இழுப்பு இழுத்தாரு, "ம், இப்ப கல்லு மாரி கீது"ன்னாரு, அப்புறம் ஓரத்தைத் தடவிப் பாத்துட்டு ஒரு மூலையைக் காட்டி "இங்க இன்னும் கடிக்குது பாரு"ன்னாரு. பாத்தா உண்மைதான், அந்த மூலையை மழிக்க மறந்துருக்கேன்.

அதுக்கப்புறம் பராமரிப்பு பெரிய விஷயமில்ல. வாரத்துக்கு ஒரு கத்தி தீட்டுறவங்களுக்கு கோட்டிக்யூல் சில மாசத்துக்கு ஒரு தடவை பென்சில் கட்டம் போட்டு 600ல ரெண்டு நிமிஷம் ஓட்டினா போதும், குழி விழுறதுக்கு முன்னாடியே பண்ணா அந்த ஒரு மணி நேர முட்டைக் கதை மறுபடி வராது. ஆர்கன்சா வருஷக்கணக்குல மட்டம் போகாது, வழவழப்பாகி வெட்டுறதை நிறுத்தினா மட்டும் அம்மி கொத்துற மாதிரி 400ல லேசா எழுப்பி விடுங்க. கல்லை நிழல்ல காய வெங்க, சித்திரை வெயில்ல மாடில வெச்சா அடுக்குக் கல்லு பிளந்துரும். கத்தியை பாத்ரூம்ல வெக்காதீங்க, நம்ம ஊர் காத்துலயே உப்பும் ஈரமும் இருக்கு, ஐப்பசி கார்த்திகை மழைல ஒரே ராத்திரில துரு பூத்துரும், துடைச்சு தையல் மெஷின் ஆயில் ஒரு சொட்டு தடவி பீரோல வைங்க.

அந்த பக்கெட் தண்ணியை சிங்க்ல ஊத்திடாதீங்க. கல்லுச் சேறு பைப் வளைவுல போய் சிமெண்ட் மாதிரி உக்காந்துரும், எங்க வீட்டுல பிளம்பர் வந்து கழட்டிப் பாத்துட்டு "இன்னா சார் உள்ள சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருக்கீங்க"ன்னு கேட்டாரு, அம்மா இன்னும் அதைச் சொல்லிக் காட்டிட்டு இருக்காங்க. ஒரு ராத்திரி அப்படியே விட்டா சேறு அடியில தங்கிடும், மேல் தண்ணியை மெதுவா சாய்ச்சுக் கொட்டிட்டு சேத்தை ஈரத்தோட பேப்பர்ல வழிச்சு கவர்ல கட்டி குப்பைல போட்டுருங்க.